பல்செட் வழக்கு

அண்ணன் மகன் தணிகை
கோடை லீவில் ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறான்.
படம் இல்லை, சத்தம் இல்லை.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கீழே துடித்துக்கொண்டு ஒரு சின்னக் கோடு.
“நீங்க சொல்றதை அது செய்யும் அத்தை.
தமிழ்லயே அடிங்க” என்று
லேப்டாப்பை என் மடியில் இறக்கிவிட்டு
மோர் குடிக்கப் போய்விட்டான்.

“உன் பெயர்?”
ஹேமாவதி, என்று அடித்தேன்.

“பாகாயம். மே மாதம். காலை பத்து மணி.
பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.
முனிரத்தினம் பெரியப்பாவின் பல்செட்டைக் காணோம்.
நீ கூடத்தில் நிற்கிறாய்.
வடக்கே சமையலறை. தெற்கே வாசல்.
மேலே ஃபேன். கரண்ட் இல்லை.”

அடப்பாவி.
இது என்னைப் பெண் பார்க்க வந்த நாள்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.
பெரியப்பா ரிட்டயர்டு ஆர்.ஐ.
எவர் வந்து உட்கார்ந்தாலும்
குடியாத்தத்தில் தான் ஜப்தி செய்த
தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஆரம்பிப்பார்.
ஏற்கெனவே இரண்டு வரன்
அந்தக் கதை பாதியில் இருக்கும்போதே
செருப்பைத் தேடிப் போயிருந்தது.
அன்றைக்கு மட்டும் பொக்கை வாயைப் பொத்தி
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
பதினைந்தே நிமிஷத்தில் தட்டு மாற்றினார்கள்.
பல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

துப்பறிபவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

சம்பங்கி சித்தியிடம் கேள்.
“டம்ளரைக் கழுவினேன், தண்ணியைக் கொட்டினேன்.
பல்லைப் பார்த்திருந்தா
நான் கத்தின கத்து ஜெயிலுக்கே கேட்டிருக்காதா?”

முள்கத்தரிக்காயை வெட்டிப் பார்.
“உள்ளே கத்தரிக்காய்தான் இருக்கிறது.
நீ என்ன எதிர்பார்த்தாய்?”

அண்ணனைச் சந்தேகப்படு.
“அவன் ஐஸ் வாங்கப் போயிருக்கிறான்.
இன்னும் வரவில்லை.
எப்போதும் போல.”

பொய் சொல்.
“யாரிடம்?”

அந்த ஒற்றைச் சொல்லில்
முதுகு வியர்த்தது. வெயிலும்தான்.
நூற்றி ஏழு டிகிரியில்
எந்த வியர்வை எதற்கு என்று யார் கண்டார்?

வடக்கே போனேன். திரும்பினேன்.
அரிசி டிரம்மைத் திறந்தேன், கொசுவலையை உதறினேன்.
படுக்கையறைக்குள் மட்டும் போகாமல்
சுற்றிச் சுற்றி வந்தேன்.
“ஹேமாவதி படுக்கையறைப் பக்கம்
ஏனோ போகவே மாட்டேன் என்கிறாள்”
என்றது திரை, கேட்காமலே.

சரி. போ.
சும்மா ஒரு பேச்சுக்கு
கட்டிலுக்கடியில் பார்.

“மூன்று வயதுக் குழந்தை ஒன்று
விரல் சூப்பிக்கொண்டு உன்னையே பார்க்கிறது.
உன் கையில் சிவப்பு வெல்வெட் நகைப்பெட்டி.
குழந்தை சிரிக்கிறது.
அதற்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.”

அன்றைக்கு வீட்டில் இருபத்தியிரண்டு பேர்.
ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று
பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.
நடக்கிற ஆட்களை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

உதவி, என்று அடித்தேன். கை நடுங்கவில்லை,
லேசாக.

“நீ தேடுவது இந்த வீட்டில் இல்லை.
ஒன்றாம் நம்பர் பஸ் பிடி.
பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடியில் இறங்கு.
உன் வீட்டுப் பரணில்,
பழைய மிக்ஸிக்குப் பின்னால்.
மதிப்பெண்: ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது.”

பதினோரு வருஷம்.
கஜேந்திரனுக்குக்கூடச் சொன்னதில்லை.
தாலி கட்டியவர் கேட்டால்
சீட்டுக் கம்பெனி ரசீது என்பேன்.

தணிகை மோர் மீசையோடு வந்து நின்றான்.
“இன்னும் ஒரு மார்க் எங்கேடா?”
“பெரிய தாத்தாவுக்கு முழுசும் வந்துச்சே.
போன வாரமே முடிச்சிட்டார்.
எழுத்துப்பிழைகூட அவர்தான் திருத்தினார்.”

எனக்கு நாக்கு வறண்டது.
“கடைசியா அவர் என்ன அடிச்சார்?”
“சிரி. அவ்வளவுதான்.”

உள் அறையில் பெரியப்பா
பேப்பரை உயர்த்திப் பிடித்திருந்தார்.
பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது.
கரண்ட் போயிருந்தது, ஃபேன் காற்றுமில்லை.

நானும் அடித்தேன்: சிரி.

கோடு இரண்டு முறை துடித்தது.

“முதலில் பல்லைக் காட்டு.”